ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல என்ன இருக்கு?

(பேச்சில் வந்ததை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் தொகுத்திருக்கிறோம்.)

ரெண்டு மாசமா எபிசோட் எதுவும் வரலையேன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. காரணம் சிம்பிள். நான், அப்பா, அம்மா, மைக், லேப்டாப், ஃப்ரிட்ஜ் எல்லாரும் ஒரே பெட்ரூம்ல குடியிருந்தோம். மீதி வீடு முழுக்க சிமென்ட் தூசி. ஆபீஸ் மீட்டிங்ல என் குரலுக்குப் பின்னாடி டிரில்லிங் சத்தம் கேட்டு மேனேஜரே "வேலை முடிஞ்சுதா?"ன்னு கேட்க ஆரம்பிச்சுட்டார். எந்த வேலையக் கேட்கிறார்னு புரியல.

இன்னைக்கு டாபிக், பழைய ஃபிளாட்டை அழகா மாத்துறது எப்படி. நான் ஆர்க்கிடெக்ட் இல்ல, சிவில் இன்ஜினியரும் இல்ல. கோட் எழுதுறவன். ஒரு வீட்டைப் பிரிச்சுப் பார்த்து, திருப்பி சேர்த்ததுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்லப் போறேன்.

எங்க வீடு திருவொற்றியூர்ல இருக்கு. 1996ல கட்டின அபார்ட்மென்ட். தரைத்தளத்துக்கு மேல மூணு மாடி, 12 வீடு, லிஃப்ட் கிடையாது. நாங்க ரெண்டாவது மாடி. 780 சதுர அடி, ரெண்டு பெட்ரூம். கடல் நடந்து போற தூரம். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல 28 வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். அங்க பக்கத்துலயே வீடு வாங்கியிருக்கலாம். பிள்ளைங்க சிட்டி ஸ்கூல்ல படிக்கணும்னு இங்க வாங்கிட்டு, தினமும் லோக்கல் ட்ரெயின்ல போய் வந்தார். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டைன்னு அந்த ஸ்டேஷன் பேரெல்லாம் எனக்கு எண் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

அவர் ரிட்டயர் ஆனதும் வீட்டை மாத்தலாம்னு முடிவு பண்ணேன். போன்ல 200 போட்டோ சேர்த்து வச்சிருந்தேன். ஓபன் கிச்சன், மரப்பட்டை அடிச்ச டிவி சுவர், ஓரத்துல வெளிச்சம் கசியுற ஃபால்ஸ் சீலிங். ஒரு இன்டீரியர் டிசைனரைக் கூப்பிட்டோம். நல்ல பையன், என் வயசுதான். லேசர் மீட்டர் வச்சு அளந்தான், ஐபேடுல மூணு நாள்ல 3டி படம் போட்டுக் காட்டினான். படத்துல என் அம்மா உட்கார்ற ஈசி சேர் இல்ல, அது ஒண்ணுதான் குறை.

ஹால் ஓரத்துல, பாத்ரூமுக்குப் போற பாசேஜுக்கு மேல, சீலிங்ல ஒரு பழுப்புக் கறை ரொம்ப வருஷமா இருக்கு. ஓதம் அடிச்ச கறை. பெயின்ட் அடிச்சா ஆறு மாசத்துல திரும்ப வந்துடும். அதைக் காட்டினேன். "அதெல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல போயிடும், தெரியாது"ன்னு சொன்னான்.

நம்ம தொழில்ல இதுக்கு ஒரு பேர் இருக்கு. எம்ப்டி கேட்ச் பிளாக். எர்ரர் வந்தா எதுவும் செய்யாதே, காட்டாதேன்னு எழுதுற கோட். கோட் ரிவ்யூவுல யாராவது அப்படி எழுதியிருந்தா நான் விடமாட்டேன். ஆனா என் வீட்டு சீலிங்ல அதையே ஒத்துக்கிட்டு தலையாட்டிட்டேன்.

அப்பாதான் ஒத்துக்கல. ஸ்டூல் போட்டு ஏறி, சின்ன சுத்தியல் எடுத்து சீலிங்கைத் தட்ட ஆரம்பிச்சார். நல்ல இடத்துல "டொக் டொக்"னு கெட்டியான சத்தம். கறை பக்கத்துல வந்ததும் "டொப டொப"ன்னு பொத்தல் சத்தம். நீங்களும் வீட்டுல செஞ்சு பார்க்கலாம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு. அஞ்சாவது தட்டுல ஒரு சோத்துத் தட்டு அளவுக்கு காங்கிரீட் துண்டு கழண்டு விழுந்துச்சு. உள்ள கம்பி. கம்பின்னு சொல்லக்கூடாது, பிஸ்கட் மாதிரி அடுக்கு அடுக்கா உரியுற துரு.

அப்பா அதைத் தொட்டுப் பார்த்துட்டு, "இது டோர் கம்பிடா. முறுக்குக் கம்பி. நாங்க அடிச்ச கம்பி இல்ல"ன்னார். தன் மில்லுக்குப் பழி வரக்கூடாதுன்னு முதல்ல அதைத் தெளிவுபடுத்திட்டார்.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இது அழகுக்கும் சம்பந்தப்பட்டதுதான். 90களோட பிற்பகுதி வரைக்கும் இங்க வீடுகளுக்கு அதிகமா போனது, ஆறின கம்பியை அப்படியே முறுக்கி பலம் ஏத்தின கம்பி. முறுக்குறதால உள்ளுக்குள்ள இழுவை தங்கிடும், அது சீக்கிரம் துருப்பிடிக்கும். இப்ப வர்றது டிஎம்டி. உருட்டி முடிச்ச உடனே, செக்கச் சிவந்த சூட்டோட கம்பி தண்ணி பீய்ச்சியடிக்கிற குழாய் வழியா போகும். வெளித்தோல் சட்டுனு இறுகிடும். உள்ள இருக்கிற சூடு மெல்ல வெளிய வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். வெளிய கெட்டி, உள்ள வளைஞ்சு கொடுக்கிற தன்மை. கும்மிடிப்பூண்டியில பல மில்லுல ராப்பகலா நடக்கிற வேலை இது.

எந்தக் கம்பியா இருந்தாலும் அதைக் காப்பாத்துறது சுத்தி இருக்கிற காங்கிரீட். நல்ல காங்கிரீட் காரத்தன்மை உள்ளது, பிஹெச் 12, 13 இருக்கும். அந்தக் காரத்துல கம்பி மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகி துருவைத் தடுக்கும். வருஷக்கணக்கில காத்துல இருக்கிற கார்பன் டைஆக்சைடு மெல்ல உள்ள இறங்கி இந்தக் காரத்தைக் குறைச்சுடும். கடல் பக்கமா இருந்தா உப்பும் சேர்ந்து அந்தப் படலத்தை ஓட்டை போட்டுடும். அப்புறம் தண்ணி கசிஞ்சா கேட்கவே வேணாம். துரு, இரும்பைவிட 2 மடங்குல இருந்து 6 மடங்கு வரைக்கும் இடம் பிடிக்கும். உள்ள இருந்து நெம்பி நெம்பி காங்கிரீட்டைப் பிளக்கும். இந்திய காங்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456ல, கம்பிக்கு மேல இருக்க வேண்டிய காங்கிரீட் கனம் சாதாரண இடத்துக்கு 20 மிமீ, கடலோரக் காத்து நேரா படுற இடத்துக்கு 45 மிமீன்னு இருக்கு. எங்க வீட்டுல அளந்தப்ப சில இடத்துல 12 தான்.

இதைக் கேட்டதும் எனக்கு 2021 டிசம்பர் 27 ஞாபகம் வந்துச்சு. இதே திருவொற்றியூர்ல, அரிவாக்குளத்துல, 90கள்ல கட்டின அரசுக் குடியிருப்புல ஒரு பிளாக் அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. 24 வீடு. விரிசலைக் கவனிச்சு எல்லாரையும் வெளிய வரவச்சதால ஒரு உயிர்கூட போகல. அன்னைக்கு எங்க மாடியில இருந்து புழுதி தெரிஞ்சுச்சு. நான் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். எங்க சீலிங்ல இருந்த கறையை அன்னைக்குக்கூட நிமிர்ந்து பார்க்கல. எல்லா கறையும் இடிஞ்சு விழுறதுல முடியாது, பயமுறுத்துறதுக்காக சொல்லல. அந்த விரிசலை யாராவது போர்டு அடிச்சு மறைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு மட்டும் யோசிச்சேன்.

டிசைனரை நிறுத்தி வச்சுட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைச்சோம். அவர் கொண்டு வந்ததுல எனக்குப் பிடிச்சது ஒரு சின்ன பாட்டில், ஃபினாப்தலின். ப்ளஸ் டூ லேப்ல டைட்ரேஷனுக்கு ஊத்தினது ஞாபகம் இருக்கா? உடைச்ச காங்கிரீட் மேல தெளிச்சார். காரம் இருக்கிற இடம் ரோஸ் கலரா மாறிடுச்சு. கம்பியைச் சுத்தி மட்டும் நிறமே வரல. பிராக்டிகல் மார்க்குக்காகப் படிச்ச ஒண்ணு 10 வருஷம் கழிச்சு வீட்டு சீலிங்ல வந்து நிக்கும்னு யார் நினைச்சா.

ரிப்பேர் இப்படி நடந்துச்சு. முதல்ல கீழ ஜாக்கி முட்டு கொடுத்தாங்க. பொத்தலான காங்கிரீட்டை, கம்பிக்குப் பின்னாடி விரல் போற அளவுக்கு உடைச்சு எடுத்தாங்க. இங்கதான் பல பேர் ஏமாறுறது. மேலாக்க சிமென்ட் அப்பிட்டுப் போயிட்டா ரெண்டு மழைக்காலம்கூட தாங்காது. கம்பியை வயர் பிரஷ்ல தேய்ச்சு, துரு எல்லாம் போன பிறகு விட்டத்தை அளந்து பார்த்து, ரொம்பத் தேய்ஞ்சு போன மூணு இடத்துல புதுக் கம்பி சேர்த்துக் கட்டினாங்க. புதுக் கம்பியை அப்பா போய் வாங்கிட்டு வந்தார், கும்மிடிப்பூண்டி சரக்கு. அப்புறம் துருவைத் தடுக்கிற துத்தநாக பூச்சு, பழசும் புதுசும் ஒட்டுறதுக்கு ஒரு பிசின், அதுக்கு மேல பாலிமர் கலந்த கலவை. 

ஆனா தண்ணி எங்க இருந்து வருதோ அதை நிறுத்தாம இதெல்லாம் செஞ்சு புண்ணியமில்ல. தண்ணி வர்றது மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து.

மேல் வீட்டுல ஒரு ஆன்ட்டி தனியா இருக்காங்க. அங்கிள் தவறிட்டார், குடும்ப பென்ஷன் வருது, பையன் வெளியூர். நான் நேரா போய், "ஆன்ட்டி, உங்க பாத்ரூம் லீக் ஆகுது, சரி பண்ணணும்"னு ஆரம்பிச்சுட்டேன். அவங்க முகம் மாறிடுச்சு. "என் பாத்ரூம்ல ஒரு சொட்டு தண்ணி நிக்கறதில்லப்பா, வந்து பாரு"ன்னாங்க. அவங்க சொன்னது உண்மைதான். அந்தக் காலத்து பாத்ரூம்ல தளம் ஒரு அடி கீழ இறங்கி இருக்கும். அந்தக் குழிக்குள்ள பைப் ஓட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேல டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க. டைல்ஸ் இடுக்கு வழியா இறங்குற தண்ணி ஜல்லிக்குள்ள குளம் மாதிரி நிக்கும். மேல நின்னு பார்த்தா தரை காஞ்சுதான் இருக்கும்.

சண்டை வரப் போற நேரத்துல அம்மா ஒரு தூக்குல சாம்பார் எடுத்துக்கிட்டு மேல போனாங்க. "அக்கா, ஒரு தடவை கீழ வந்து பாருங்க"ன்னு கூட்டிட்டு வந்தாங்க. ஆன்ட்டி கம்பியை நிமிர்ந்து பார்த்தாங்க. "இதுக்கு மேலயா நான் நின்னு குளிக்கிறேன்?"னு கேட்டாங்க. அதுக்கப்புறம் பேச வேண்டியதெல்லாம் பணம்தான். கூலியை நாங்க, மெட்டீரியலை அவங்கன்னு முடிவாச்சு. டைல்ஸ், ஜல்லி எல்லாம் எடுத்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிச்சு, அதைச் சுவர்லயும் ஒரு அடி ஏத்தி, வடிகால் ஓட்டையை அடைச்சு தண்ணி தேக்கி 48 மணி நேரம் விட்டுப் பார்த்தோம். கீழ ஒரு சொட்டு இல்ல. அந்தப் பத்து நாளும் ஆன்ட்டி காலையில வாளியும் துண்டுமா எங்க வீட்டுக்கு வந்து குளிச்சுட்டுப் போனாங்க. எங்க வீட்டுலயும் ஒரு பாத்ரூம்தான் வேலை செஞ்சுது. என் ஸ்டாண்ட்அப் மீட்டிங் எல்லாம் அந்த கியூவுல நின்னுக்கிட்டே நடந்தது.

சரி, அழகு எங்கன்னு கேக்குறீங்க. வர்றேன்.

ஓபன் கிச்சனுக்காக ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல இருக்கிற நாலரை இன்ச் சுவரை இடிக்கிறதா பிளான். நாலரை இன்ச்னா தாங்குற சுவர் இல்ல, தாராளமா எடுக்கலாம்னு பொதுவா சொல்வாங்க. பாதி உண்மை. எங்க சுவருக்கு நேர் மேல சீலிங்ல பீம் கிடையாது. ஆனா மேல் வீட்டு ஆன்ட்டியோட சமையலறைச் சுவர் அதே இடத்துல எங்க சீலிங் மேல நிக்குது. பத்தடி நீளம், ஒன்பதரை அடி உயரம், நாலரை இன்ச் கனம்னா ஏறக்குறைய ஒரு கன மீட்டர் செங்கல், கிட்டத்தட்ட 2 டன். 28 வருஷத்துல தளம் மெல்லத் தொய்ஞ்சு அந்த எடையை எங்க சுவர் மேல சாய்ச்சிருக்கும்னு இன்ஜினியர் சொன்னார். தாங்குறதுக்குன்னு கட்டாத சுவர், காலப்போக்குல தாங்கப் பழகிடுச்சு. யாரும் டாக்குமென்ட் பண்ணாத டிபென்டென்சி.

அதனால சுவரை எடுக்கல. நாலடி அகலத்துக்கு ஒரு திறப்பு மட்டும், மேல லின்டல் வச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, ஓபன் கிச்சனைவிட இதுதான் நல்லா இருக்கு. சமையலறை கிழக்கு பார்த்தது. காலையில அந்த வெளிச்சம் ஒரு பாய் விரிச்ச மாதிரி ஹால் தரையில வந்து விழுது. தாளிக்கிற புகையும் முழுசா வர்றதில்ல.

கொழும்புல ஜெஃப்ரி பாவாவோட வீடு இதுக்கு நல்ல உதாரணம். 33வது ஒழுங்கையில வரிசையா இருந்த நாலு சின்ன வீட்டுல ஒண்ணை 1958ல எடுத்தார். அடுத்த பத்து வருஷத்துல ஒவ்வொண்ணா மத்த மூணையும் சேர்த்துக்கிட்டார். ஒரு வீட்டை இடிச்சு மாடி எழுப்பினார், மத்ததை எல்லாம் பெரும்பாலும் கோர்த்து எடுத்தார். உள்ள போனா வெள்ளைச் சுவர், நீளமான நடை, நடுநடுவுல வானம் பார்த்த சின்னச் சின்ன முற்றம். எங்க இருட்டு முடியுதோ அங்க வெளிச்சம் வந்து விழும். இப்ப அதைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். எனக்கு அது ஒரு லட்சாதிபதியோட வீடுங்கிறது தெரியும். ஆனா நாலடி திறப்புக்கு லட்சம் எல்லாம் வேணாம்.

தரை. எங்க வீட்டுல மொசைக் தரை, மங்கிப் போய் சாம்பல் கலரா கிடந்துச்சு. அதுக்கு மேலயே புது டைல்ஸ் ஒட்டிடலாம்னு கொட்டேஷன். கணக்கு போட்டேன். 40 மிமீ கலவை, அதுக்கு மேல டைல்ஸ்னு வச்சா ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ கூடும். வீட்டுத் தளங்களை ஆள், சாமான் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கணும்னு டிசைன் பண்ணுவாங்க. அதுல பாதியை டைல்ஸுக்கே கொடுத்துடணும். இதே காரணத்துக்காக இன்னொண்ணு: இடிச்ச ரப்பிஷ், மணல், சிமென்ட் மூட்டையை ரூம் நடுவுல குவிக்க விடாதீங்க. அன்னன்னைக்கே கீழ இறக்கச் சொல்லுங்க. மேஸ்திரி முதல்ல முறைச்சார். "தம்பி, ரெண்டாவது மாடி"ன்னார். நானும் ரெண்டு மூட்டை தூக்கின பிறகு சமாதானமானார்.

மொசைக்கை பாலிஷ் போட்டோம். தண்ணி விட்டு, முரட்டுக் கல்லுல ஆரம்பிச்சு நைசு கல்லு வரைக்கும் மாத்தி மாத்தி மெஷின்ல தேய்ச்சாங்க. நாலு நாள் வீடு முழுக்க சாம்பல் சேறு. கடைசியா ஆக்ஸாலிக் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவினப்ப பச்சையும் கறுப்பும் வெள்ளையுமா பளிங்குச் சில்லு ஒவ்வொண்ணா மேல வந்துச்சு. என் போன்ல சேர்த்து வச்ச 200 போட்டோவுல 30 போட்டோவாவது டெராசோ தரை. வெனிஸ்ல பளிங்கு வேலை செஞ்சவங்க, மிச்சமான சில்லை வீணாக்காம பதிச்சுத் தேய்ச்ச தரையில இருந்து வந்தது அது. நம்ம ஊர் மொசைக்கும் அதே குடும்பம்தான். அதன் மேல கட்டில் போட்டுப் படுத்துக்கிட்டே அதை போன்ல தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம்னு முடிவாச்சு. தளத்துல மறுபடி ஏதாவது ஆரம்பிச்சா உடனே கண்ணுல படணும். தவிர, ஒன்பதரை அடியில அரை அடியை விட்டுக்கொடுத்தா சின்ன ஹால் இன்னும் சின்னதாத் தெரியும். மறைவா வெளிச்சம் வேணும்னா சீலிங்தான் வேணும்னு இல்ல. அலமாரிக்கு மேல ஒரு எல்ஈடி பட்டி வச்சு மேல் நோக்கி அடிக்க விட்டோம். வெள்ளை சீலிங்ல பட்டு அறை முழுக்கப் பரவுது.

பல்ப் வாங்குறப்ப வாட் மட்டும் பார்க்காதீங்க. அட்டையில கெல்வின்னு ஒரு எண் இருக்கும். 6500னா ஆஸ்பத்திரி வெள்ளை, 3000னா சாயங்கால மஞ்சள். பக்கத்துலயே சிஆர்ஐ, அது 90க்கு மேல இருந்தா துணியோட நிறமும் முகமும் இயல்பாத் தெரியும். முழு வீட்டுக்கும் 3000 போட்டேன். அம்மா மூணாவது நாள் "அரிசியில கல்லு தெரியலடா"ன்னாங்க. சமையல் மேடைக்கு மேல மட்டும் 4000. அவங்க சொன்னது சரி.

மர வேலையில ஒரே ஒரு விஷயம். பிளைவுட்ல அச்சடிச்ச எண்ணைப் பாருங்க. ஐஎஸ் 710னா தண்ணி, கொதிநீர் தாங்கும். ஐஎஸ் 303ல எம்ஆர்னு இருந்தா ஈரக் காத்துக்கு மட்டும்தான், சிங்க்குக்குக் கீழ போட்டா ஊறி உப்பிடும். கடலோரம்னா கீல், ஸ்க்ரூ எல்லாம் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ்ல போடுங்க. வயரிங்கைப் பத்தி பேச ஆரம்பிச்சா இன்னொரு எபிசோட் ஆகும். இப்போதைக்கு ஏசிக்குத் தனி லைன், 4 சதுர மிமீ வயர், வீட்டுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி. இது மூணும் இல்லாம சுவரைப் பூசி மூட விடாதீங்க.

செலவு? பட்ஜெட்ல மூணுல ஒரு பங்கு யாருமே பார்க்க முடியாத இடத்துக்குப் போச்சு. டிவி சுவர் போச்சு, மாடுலர் கிச்சன் பாதியா சுருங்கிடுச்சு. எனக்கு முதல்ல கடுப்புதான், பொய் சொல்லல. டிசைனர் பையன் திரும்ப வந்து, மிச்ச பணத்துல என்ன முடியும்னு உட்கார்ந்து புதுசா வரைஞ்சு கொடுத்தான். இந்தத் தடவை அம்மாவோட ஈசி சேரும் படத்துல இருந்துச்சு.

அசோசியேஷன் மீட்டிங்லயும் இது பேச்சாச்சு. மொத்தமா இடிச்சுக் கட்டிடலாம்னு ரெண்டு பேர். 2022ல வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கிட்டா மறுகட்டுமானம் செய்யலாம். எங்க 12 வீட்டுல அது எட்டு. இப்போதைக்கு அஞ்சு பேர் வேணும்ங்கிறாங்க, நாலு பேர் வேணாம்ங்கிறாங்க, மூணு பேர் மீட்டிங்குக்கே வர்றதில்ல. அதுவரைக்கும் 12 வீட்டு சீலிங்கையும் தட்டிப் பார்க்கிறதுன்னு மட்டும் தீர்மானம் ஆச்சு. தட்டுறது அப்பா. ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் அவர் இவ்வளவு உற்சாகமா இருந்து நான் பார்க்கல. இதுவரை ஏழு வீடு முடிச்சிருக்கார், ரெண்டுல பொத்தல் சத்தம்.

வேலை எல்லாம் முடிஞ்சு பால் காய்ச்சின அன்னைக்கு மேல் வீட்டு ஆன்ட்டி வந்தாங்க. திறப்பைப் பார்த்தாங்க, லைட்டைப் பார்த்தாங்க. செருப்பைக் கழட்டிட்டு தரையில நின்னு குனிஞ்சு பார்த்தாங்க. "இது பழைய தரையேதானே? இதுக்கா ரெண்டு மாசம்?"னு கேட்டுட்டு, அடுத்த கேள்வியும் கேட்டாங்க. "அந்த பாலிஷ் ஆளு நம்பர் இருக்கா?"